எல்.ஓ.ஆர்.: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூம் வாசலில் நான்காம் ஆண்டு மாணவர்களின் நடமாட்டம் கூடிவிடும். அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் இவர்கள். விண்ணப்பத்துக்கு வேண்டிய மற்றதெல்லாம் ஏறக்குறைய அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஜி.ஆர்.இ. என்ற திறனறித் தேர்வையும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வையும் பணம் கட்டி எழுதலாம். கல்லூரி தரும் மதிப்பெண் ஆவணமான டிரான்ஸ்கிரிப்ட் தாமதமாகவாவது வந்துவிடும். எதற்காகப் படிக்க விரும்புகிறோம் என்று சொல்லும் எஸ்.ஓ.பி. கட்டுரையை நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதிவிடலாம். எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதம் மட்டும் இன்னொருவர் மனம் வைத்தால்தான் நடக்கும். பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று கடிதம் கேட்கின்றன. எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தால் மூன்று பேராசிரியர்களும் சேர்ந்து 24 முறை இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

எப்படிப் பணிவாகக் கேட்பது என்பதற்கு அறிவுரை எங்கும் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. பணிவு ஏற்கெனவே வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. அந்தக் கடிதம் அங்கே போய் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் கேட்பதில்தான் கோளாறு. அது தெரிந்துவிட்டால் யாரிடம் போவது, எப்போது போவது, கையில் என்ன கொண்டு போவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

நமக்குப் பழக்கமானது கான்டக்ட் சர்டிஃபிகேட், அதாவது நடத்தைச் சான்றிதழ். பள்ளியை விட்டு வரும்போது டி.சி.யோடு சேர்த்துக் கொடுப்பார்கள். நடத்தை நன்று என்று எல்லோருக்கும் ஒரே வரி, கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, மேலே சீல். அதில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் முக்கியம், என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. எல்.ஓ.ஆர்.ஐயும் அதே இனத்தில் சேர்த்துவிடுகிறோம். அதனால்தான் முதலில் துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் ஓடுகிறார்கள், அவர் கிடைக்காவிட்டால் பிரின்சிபாலிடம். பதவி பெரிதாக இருந்தால் கடிதமும் கனமாக இருக்கும் என்ற நம்பிக்கை.

மறுமுனையில் அதைப் படிக்கிறவர் யார்? துறையின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த சேர்க்கைக் குழு. அவர்கள் முன்னால் உங்கள் மொத்தப் படிப்பின் மதிப்பெண் சராசரியான சி.ஜி.பி.ஏ. 8.7 என்று ஓர் எண் கிடக்கிறது. உங்கள் கல்லூரியின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அங்கே 8.7 எடுப்பது சுலபமா கஷ்டமா, பாடத்தைப் புரிந்து எடுத்ததா பழைய வினாத்தாள்களை உருப்போட்டு எடுத்ததா, எதுவும் தெரியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் என்ன சொல்கிறார் என்பதற்காகத்தான் கடிதத்தைத் திறக்கிறார்கள். சம்பந்தம் பேசும்போது பையனைப் பற்றி விசாரிப்போமே, அதைப் போலத்தான். ஊர்த் தலைவர் 'நல்ல பையன்' என்று சொல்வதைவிட, கூட வேலை பார்க்கிறவர் யோசித்துச் சொல்லும் நாலு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் கவனிப்போம். சேர்க்கைக் குழுவும் அதையே செய்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேல் பழையது.

1912-ல் சீனிவாச ராமானுஜனுக்கு வேலை இல்லை, பட்டமும் இல்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் மூடிவைத்துவிட வேண்டிய விண்ணப்பம். அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிளார்க் வேலைக்கு மனுப் போட்டபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையை அதோடு இணைத்தார். ரொம்பச் சின்னக் கடிதம். கணிதத்தில், அதிலும் எண்கள் சம்பந்தப்பட்ட வேலையில், அசாதாரணத் திறமை உள்ள இளைஞர், கணக்கிடுவது இவருக்கு இயல்பாகவே வருகிறது, வேகமும் இருக்கிறது என்பதுதான் சாரம். மார்ச் 1 அன்று ராமானுஜன் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

கவனித்துப் பாருங்கள், அந்தக் கடிதத்தில் தேற்றமும் இல்லை, முடிவிலித் தொடரும் இல்லை. கணக்குப் பிரிவில் கூட்டல் கழித்தல் போடப் போகிறவருக்கு என்ன தேவையோ அதை மட்டும் மிடில்மாஸ்ட் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து எழுதப்பட்ட கடிதம் முற்றிலும் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதி, பதிலும் வந்திருந்த நேரம். 1913 பிப்ரவரி கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முதலிடம் பிடித்தவர். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். தான் பார்த்த வேலையின் புதுமை, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் கணித ஃபெல்லோவாக (ஆய்வு உறுப்பினராக) இருப்பவரின் வேலைக்கு ஒப்பானது என்று அளவுகோல் வைத்தார். முடிவுகளில் முழுமையும் துல்லியமும் இன்னும் போதவில்லை என்பதை மறைக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட கிளையில் தான் நிபுணர் இல்லை, ஆகவே உறுதியான மதிப்பீடு தர இயலாது என்றும் ஒப்புக்கொண்டார். கடைசியில், சில ஆண்டுகளாவது பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் இவர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்வது நியாயமே என்று தெளிவாகக் கேட்டார். பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, மே மாதத்திலிருந்து கிடைத்தது.

இன்றைக்கும் நல்ல எல்.ஓ.ஆர். என்றால் வாக்கர் எழுதியதுதான். நேரில் பார்த்ததைச் சொல்கிறது, படிக்கிறவருக்குப் புரியும் அளவுகோலோடு ஒப்பிடுகிறது, தனக்குத் தெரியாதது எது என்று ஒப்புக்கொள்கிறது, என்ன வேண்டும் என்று கேட்கிறது. அந்தச் சிறு குறையையும் சொன்னதால்தான் மற்றப் பாராட்டு நம்பும்படி இருக்கிறது.

இன்னொரு புகழ்பெற்ற கடிதமும் உண்டு. 1948-ல் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின், பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்த ஜான் நாஷ் என்ற 19 வயது மாணவருக்காக எழுதியது. வயதையும் எப்போது படிப்பை முடிக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு, இவர் ஒரு கணித மேதை என்று முடித்துவிட்டார். நாஷ் பின்னால் நோபல் பரிசு பெற்றதால் இந்தக் கடிதம் இப்போது எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதைப் பார்த்து யாரும் சுருக்கமாக எழுதினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். டஃபின் யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அவர் அந்த வார்த்தையை வருஷா வருஷம் நாலு பேருக்கு எழுதுகிறவரும் இல்லை. நம் கல்லூரிகளிலிருந்து போகும் கடிதங்களில் பாதிக்கு மேல் 'பிரில்லியன்ட்' என்று இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன விலை இருக்கும்?

சரி, விண்ணப்பம் நிரப்பும்போது எல்லோரும் தடுமாறும் ஓர் இடத்தையும் பார்த்துவிடலாம். இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும் பெட்டி. ஏதோ பொறி என்று பயந்து 'இல்லை' என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு. இது 1974-ல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் வால். நியூயார்க்கின் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த திருத்தம், மாணவர்கள் தங்கள் கல்விக் கோப்புகளைப் பார்க்கலாம் என்று உரிமை கொடுத்தது. அந்தக் கோப்புகளில் பரிந்துரைக் கடிதங்களும் இருந்ததால் பல்கலைக்கழகங்கள் பதறின. ரகசியம் என்று நம்பி எழுதியவர்களின் கதி என்ன ஆவது? அதே ஆண்டு டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். 1975 ஜனவரி 1-க்கு முன் ரகசியமாகத் தரப்பட்ட கடிதங்களைக் காட்ட வேண்டியதில்லை, அதற்குப் பின் வருபவற்றைப் பார்க்கும் உரிமையை மாணவர் தாமாகவே எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று ஆனது. விட்டுக்கொடுத்தால்தான் இடம் என்று கல்லூரி கட்டாயப்படுத்தக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத விஷயம், ஃபெர்பா உரிமை அங்கே சேர்ந்து படிக்கும் மாணவருக்குத்தான். இடம் கிடைக்காதவருக்குப் பார்க்கும் உரிமை முதலிலிருந்தே கிடையாது. இடம் கிடைத்துச் சேர்ந்தவருக்குப் பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் 'விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்று அடித்தது, எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரியும். மாணவர் பிறகு படிப்பார் என்று தெரிந்தே எழுதிய கடிதத்தை ஒரு மாற்றுக் குறைத்துத்தான் எடைபோடுவார்கள். ஆகவே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

இப்போது நம் ஊரின் பெரிய சிக்கலுக்கு வருவோம். மாணவர் போய் நிற்கிறார். பேராசிரியர் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்: "நீயே ஒரு டிராஃப்ட் எழுதிட்டு வாப்பா, பார்த்துட்டு சைன் பண்றேன்."

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஒரு செக்‌ஷனில் 60 பேர், இரண்டு மூன்று செக்‌ஷன். வகுப்பு, லேப், இன்டர்னல் மதிப்பெண், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் அதற்கு ஃபைல், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வுக்கு இன்னொரு ஃபைல். இதற்கிடையில் 15 பேர் ஆளுக்கு எட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். இந்தக் கடிதத்துக்கு அவருக்குப் பணமும் இல்லை, பதவி உயர்வில் ஒரு புள்ளியும் இல்லை. அதைவிட முக்கியம், எழுத உட்கார்ந்தாலும் எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. பாடத்திட்டம் பல்கலைக்கழகம் தந்தது, வினாத்தாள் எங்கிருந்தோ வருகிறது, லேப் ரெக்கார்டில் எல்லோரும் ஒரே சோதனையை ஒரே மாதிரி எழுதுகிறார்கள். அந்த 60 பேரில் உங்களைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டாமா?

அதற்காக மாணவரே எழுதுவது சரியாகிவிடாது. கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுதி அவரே சமர்ப்பிக்க வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழகங்களின் எதிர்பார்ப்பு. விண்ணப்பத்தில் பொய் இருந்தது பிறகு தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறீர்கள். நேர்மையை ஒருபக்கம் வைத்தாலும் பலன் மோசம். ஒரே மாணவர் மூன்று பேராசிரியர்களின் பெயரில் எழுதினால் மூன்றிலும் ஒரே நடை, எஸ்.ஓ.பி.யிலும் அதே நடை. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கடிதம் படிக்கிறவர் கண்ணுக்கு இது தப்பாது. இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டதால், எதையும் குறிப்பாகச் சொல்லாத வழவழப்பான கடிதங்கள் இன்னும் பெருகிவிட்டன. எல்லாவற்றையும்விட, 21 வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஒரு பேராசிரியர் எப்படிப் பேசுவார் என்று தெரியாது. தன் வேலையில் உண்மையிலேயே எது நன்றாக இருந்தது என்றும் பல சமயம் தெரியாது. ஒன்று கூச்சத்தில் குறைத்து எழுதும், இல்லையென்றால் அளவுக்கு மீறிப் புகழும்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. டிராஃப்ட் கேட்டால் கடிதமாக எழுதாமல் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். "சார், என்னைப் பத்தின விவரமெல்லாம் ஒரு பக்கத்துல எழுதிக் கொண்டுவந்திருக்கேன். அதை வெச்சு நீங்க எழுதினா நல்லா இருக்கும் சார்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஒரு பக்கத்தில் 'கடின உழைப்பாளி' என்றெல்லாம் இருக்கக் கூடாது. எந்த செமஸ்டரில் அவருடைய எந்தப் பாடம், என்ன மதிப்பெண், மினி புராஜெக்டில் நான்கு பேர் குழுவில் நீங்கள் செய்த பகுதி எது, எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அவரிடம் வந்து என்ன கேட்டீர்கள், அவர் சொன்ன பிறகு எதை மாற்றினீர்கள். அவர் நினைவைக் கிளறிவிடுவதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. கூடவே ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், எஸ்.ஓ.பி., பல்கலைக்கழகங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி. அப்புறம், எந்தத் துறைக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று இரண்டு வரி. மிடில்மாஸ்டும் வாக்கரும் ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு விதமாக எழுத முடிந்ததற்குக் காரணம், யாருக்கு எதற்காக எழுதுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்ததுதான்.

கடிதத்தில் வரும் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் நம்பலாம், அடைமொழிகளை அவ்வளவாக நம்ப முடியாது. நம் ஊர்க் கடிதங்களில் தவறாமல் வருபவை: சின்சியர், பங்க்சுவல், ஒபிடியன்ட். இங்கே இது பாராட்டு. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் அமெரிக்கப் பேராசிரியர் காதில், வேறு சொல்ல ஒன்றுமில்லாததால் சொன்னது மாதிரி விழும். மாணவிகளுக்கு இது கூடுதல் கேடு. ட்ரிக்ஸ், சென்கா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சின்னவை. சந்தேகம் எழுப்பும் வாசகங்கள் அவற்றில் அதிகம். திறமையைவிட உழைப்பைப் பற்றிய பேச்சும் அதிகம். எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. நம் ஸ்டாஃப் ரூமில் 'அமைதியான பொண்ணு, சொன்ன வேலையைச் செஞ்சிடும்' என்று மனதாரப் பாராட்டுகிறவரும் அப்படித்தான். மாணவி தன் குறிப்பில் தான் எடுத்த முடிவுகளையும் தீர்த்த சிக்கல்களையும் அழுத்தமாக எழுதிக் கொடுத்தால், அவர் எழுதும்போது அந்தப் பக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம்.

யாரிடம் கேட்பது என்பதற்கு இப்போது விடை சுலபம். உங்கள் வேலையைப் பார்த்தவரிடம். மூன்றாவது செமஸ்டரில் ஒரு பாடம் எடுத்த எச்.ஓ.டி.யைவிட, எட்டு மாதம் வாராவாரம் உங்கள் புராஜெக்டைத் திருத்திய உதவிப் பேராசிரியர் எவ்வளவோ மேல். அவருக்கு முனைவர் பட்டம் இன்னும் முடியவில்லை என்றாலும்தான். ஆனால் இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. சில கல்லூரிகளில் லெட்டர்ஹெட் எச்.ஓ.டி. மேஜையில் இருக்கும், அவரைக் கேட்காமல் கீழே உள்ளவர் கடிதம் தந்தால் மனத்தாங்கல் வரும். அப்படியென்றால் எச்.ஓ.டி.யிடம் போய்ச் சொல்லிவிட்டு, மூன்றில் ஒன்றை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். மீதி இரண்டும் உங்களைத் தெரிந்தவர்களிடமிருந்து வரட்டும். இன்டர்ன்ஷிப்பில் வழிகாட்டியவர், வேலை பார்த்தால் மேனேஜர் ஆகியோரிடம் ஒன்று வாங்குவது நல்லதே. பிஎச்.டி. என்றால் ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர்களே மூன்று பேரும் இருந்தால் நல்லது. மாமாவுக்குத் தெரிந்த துணைவேந்தர், எம்.எல்.ஏ., தொழிலதிபர் கடிதங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எம்.எஸ்., பிஎச்.டி. இரண்டிலும் கடிதத்தின் எடை ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கணக்கில் மாணவர்களைச் சேர்க்கும் எம்.எஸ். படிப்புகளில் கடிதத்தை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். மோசமாக இல்லாமல் இருந்தால் போதும். பிஎச்.டி.யில் கதை வேறு. ஐந்தாறு வருடம் சம்பளம் கொடுத்துத் தன் லேபில் வைத்துக்கொள்ளப் போகிற ஆளைப் பற்றிப் படிக்கிறார்கள். வரிக்கு வரி படிப்பார்கள்.

காலத்துக்கு வருவோம். பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் 1-லிருந்து 15-க்குள் முடியும், எம்.எஸ். சில டிசம்பரில், சில ஜனவரி, பிப்ரவரியில். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுகள் நடப்பதும் நவம்பர், டிசம்பரில்தான். உங்களுக்குப் பரீட்சை, சாருக்கு ஹால் டியூட்டி, அப்புறம் விடைத்தாள் திருத்த வேறு ஊருக்குப் போய்விடுவார். ஆகவே நவம்பர் கடைசியில் போய் நின்றால் யார் மேலும் குற்றமில்லை, ஆனால் கடிதம் வராது. செப்டம்பரில் கேட்டு, அக்டோபரில் விவரங்களைக் கொடுத்துவிட வேண்டும். என்ன அவசரமானாலும் நாலு வாரமாவது அவகாசம் வேண்டும்.

கேட்கும்போது நேரில் போங்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வராந்தாவில் மறிக்காமல், எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. கேள்வியும் முக்கியம். "சார், எனக்கு எல்.ஓ.ஆர். வேணும்" என்றால் அவர் சரி என்றுதான் சொல்வார், நம் ஊரில் மாணவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "சார், என் மினி புராஜெக்டைக் கூடவே இருந்து பார்த்திருக்கீங்க. அதை வெச்சு எனக்கு வலுவா ஒரு கடிதம் எழுத முடியும்னு நினைக்கிறீங்களா? இல்லைன்னாலும் பரவாயில்ல சார், சொல்லிடுங்க" என்று கேட்டால் அவர் பின்வாங்க ஒரு வழி இருக்கிறது. தயங்கினாலோ, வேறு ஆளைக் கேளேன் என்றாலோ அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வற்புறுத்தி வாங்கும் கடிதம் 'இவர் என் வகுப்பில் படித்தார், இன்ன மதிப்பெண் எடுத்தார்' என்பதோடு நிற்கும். மதிப்பெண் பட்டியலிலேயே இருப்பதைத் திரும்பச் சொல்லும் கடிதம், இவரிடம் வேறொன்றும் இல்லை என்றுதான் படிக்கிறவருக்குச் சொல்லும்.

பிறகு வருவதெல்லாம் இயந்திர வேலை, ஆனால் அங்கேதான் பல விண்ணப்பங்கள் முடங்குகின்றன. சில பல்கலைக்கழகங்களின் தளத்தில் பரிந்துரைப்பவரின் பெயரையும் மின்னஞ்சலையும் சேமித்த உடனே அவருக்கு இணைப்பு போய்விடும். சிலவற்றில் நீங்கள் கட்டணம் கட்டி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால் கடைசி நாள் வரை காத்திருக்க முடியாது. மின்னஞ்சல் முகவரி கல்லூரியுடையதாக இருக்க வேண்டும். நம் பேராசிரியர்கள் பலர் அந்தக் கணக்கைத் திறந்தே பார்ப்பதில்லை, ஜிமெயிலில்தான் இருப்பார்கள். ஜிமெயில் கொடுத்தால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், ஏற்றாலும் உண்மையில் அவர்தானா என்ற சந்தேகம் வரும். செப்டம்பரிலேயே அவர் கல்லூரிக் கணக்கு வேலை செய்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. இணைப்பு ஸ்பேமில் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் கடிதத்தை ஏற்றுவதோடு ஒரு படிவமும் இருக்கும்: எத்தனை வருடமாகத் தெரியும், சக மாணவர்களில் முதல் 5 சதவீதத்திலா, 10-லா, 25-லா என்று அறிவுத்திறன், எழுத்து, பேச்சு ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்கச் சொல்லும். எல்லாவற்றிலும் உச்சத்தில் டிக் அடித்துவிட்டுக் கடிதத்தில் ஓர் உதாரணமும் இல்லாவிட்டால் அந்த டிக் எல்லாம் வீண். அவர் கையில் போனைக் கொடுத்து நீங்களே டிக் அடித்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பக்கத்தில் நின்று எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டுவதில் மட்டும் தவறில்லை.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், இரண்டு நாள் முன்னால் இன்னொன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்பது அவரோடு உங்களுக்குள்ள பழக்கத்தைப் பொறுத்தது. என் அபிப்பிராயம், தேதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்படி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 'அனுப்பியிருக்கேன் சார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவது. தேதி தாண்டிவிட்டாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். விண்ணப்பம் நேரத்துக்கு வந்திருந்தால் கடிதத்துக்குச் சில நாள் சலுகை தரும் துறைகள் இருக்கின்றன. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது உங்களைத் தெரிந்த பேராசிரியர் யாரும் இல்லையென்றால் அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். ஐ.ஐ.டி.களிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் கோடைப் பயிற்சிகள் இருக்கின்றன. அதற்கும் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள்தான், ஆனால் அந்த அளவுக்குக் கடிதம் தர உங்கள் கல்லூரியிலேயே ஒருவர் கிடைப்பார். அது எதுவும் அமையாவிட்டாலும், உங்களுக்குப் பிடித்த பாடத்தை எடுக்கும் ஒரே ஒருவரிடம் அடுத்த செமஸ்டரில் சின்னதாக ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நான்காம் ஆண்டிலும் இது நடக்கவில்லையென்றால் ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டு விண்ணப்பிப்பது அவமானம் இல்லை. ஜெர்மனியில் கடிதமே கேட்காத முதுகலைப் படிப்புகள் பல உண்டு என்பதையும் நினைவில் வைக்கலாம்.

முடிவுகள் பிப்ரவரியிலிருந்து வரத் தொடங்கும். உதவித்தொகையோடு இடம் தந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கடிதம் எழுதிய மூன்று பேருக்கும் சொல்லுங்கள். கிடைக்காதவற்றையும் சேர்த்துத்தான். யாருக்கு என்ன எழுதினால் எங்கே எடுபடுகிறது என்று அறிய அவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை, அடுத்த செப்டம்பரில் உங்கள் ஜூனியர்கள் அதே வாசலில் நிற்பார்கள்.